வழிகாட்டும் கருவிகள் எதைச் சொல்வதில்லை?

நகரங்களுக்கு வெகு தொலைவில், சாலையும் மின்சாரமும் தொலைபேசிக் கம்பியும் எட்டாத அயல்நாட்டுப் பகுதிகளில் ஒப்பந்த வேலைக்குச் செல்வோர் இன்று ஏராளம். எண்ணெய்க் குழாய் பதிப்போர், மின்கோபுரம் நிறுவுவோர், லாரி ஓட்டுவோர், சமையல் செய்வோர், காவல் காப்போர் எனப் பல வகையினர் இவர்களுள் உண்டு. 2001க்குப் பின் ஆப்கானிஸ்தானிலும் 2003க்குப் பின் ஈராக்கிலும் அமெரிக்கப் படைகளுக்காக உழைத்த ஒப்பந்தப் பணியாளரின் தொகை, படைவீரர் தொகைக்கு இணையாகவும் சில ஆண்டுகளில் அதை விஞ்சியும் இருந்தது. அவர்களில் இந்தியரும் நேபாளியரும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் பலர். படைக்குத் தொடர்பில்லாத பணிகளும் இருந்தன. தென்மேற்கு ஆப்கானிஸ்தானில் சரஞ்ச் நகரையும் தெலாராமையும் இணைக்கும் 218 கிலோமீட்டர் சாலையை இந்தியாவின் எல்லைச் சாலை அமைப்பு போட்டுக் கொடுத்தது. அந்தப் பணியின்போது, 2005 நவம்பரில், அதன் ஓட்டுநர் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார்.

இத்தகைய இடத்துக்குச் செல்லும் குழுவின் பெட்டியில் பொதுவாக நான்கு கருவிகள் இருக்கும். இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். வாங்கி ஒன்று, செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்று, ஆபத்தில் அழுத்தும் பொத்தானைக் கொண்ட சிறு கருவி ஒன்று, வண்டியில் பொருத்தும் சிற்றலை வானொலி ஒன்று. இவற்றைப் பற்றி எழுதுவோர் எடை எவ்வளவு, நீரில் விழுந்தால் தாங்குமா, பேட்டரி எத்தனை மணி நேரம் உழைக்கும், விலை என்ன என்றெல்லாம் அட்டவணை போடுகிறார்கள். அவை வேண்டியவைதாம். ஆனால் ஓர் உயிர் நம்பியிருக்கும் கருவியை மதிப்பிட அவை போதா. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று அந்தக் கருவி சொல்கிறதா? இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

பழைய தராசை எண்ணிப் பாருங்கள். எடை சரியாக அமையாதவரை முள் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கமே ஒரு செய்தி. இன்றைய எண்திரைக்கு நடுக்கம் கிடையாது. சரியான எண்ணையும் தவறான எண்ணையும் அது ஒரே உறுதியோடு, ஒரே ஒளியோடு காட்டும்.

இதன் விளைவு எவ்வளவு கொடியதாக இருக்கலாம் என்பதற்கு 2001 டிசம்பர் 5ஆம் நாள் நடந்த நிகழ்ச்சி சான்று. காந்தஹாருக்கு வடக்கே, ஷா வலி கோட் பகுதியில், அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று ஹமீது கர்சாயின் ஆட்களுடன் இருந்தது. பகைவர் நிலையின் அளவெண்களைக் கணித்து விமானத்துக்குச் சொல்ல வேண்டியது ஒரு வீரரின் வேலை. அவர் கணித்தார். அதற்குள் கருவியின் பேட்டரி தீர்ந்தது, புதியதை மாற்றினார். திரையில் எண்கள் தெரிந்தன, அவற்றை அனுப்பினார். பி-52 விமானத்திலிருந்து புறப்பட்ட சுமார் 900 கிலோ குண்டு, சொன்ன இடத்தில் மிகச் சரியாக விழுந்தது. அது அவர்கள் நின்றிருந்த இடம்! அமெரிக்க வீரர் மூவரும் ஆப்கானியர் பலரும் மாண்டனர். ஆப்கானிஸ்தானின் இடைக்கால அரசுக்குத் தலைவராக அதே நாளில் அறிவிக்கப்பட்ட கர்சாயும் இலேசான காயமுற்றார்.

என்ன நடந்தது? 2002இல் வெளியான செய்திகளின்படி, பேட்டரி மாற்றி மீண்டும் இயக்கியதும் கருவி தன் சொந்த இருப்பிடத்தைக் காட்டுமாறு அமைக்கப்பட்டிருந்தது. வீரருக்கு அது தெரிந்திருக்கவில்லை. பயிற்சிக் குறைவு என்று இதை ஒதுக்கிவிடலாம். பலர் அப்படித்தான் ஒதுக்கினார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பகைவர் இருக்கும் இடம், நான் இருக்கும் இடம் என்ற இரண்டு வேறுபட்ட பொருள்களை ஒரே திரையில் ஒரே வடிவ எண்களால் காட்டிய வடிவமைப்பாளரிடம்தான் முதற் குற்றம் இருக்கிறது. ‘இது உன் இருப்பிடம்’ என்று ஒரு வரி பளிச்சிட்டிருந்தால் போதுமே! அது போர்க்கருவி, ஒப்பந்தப் பணியாளர் வைத்திருப்பது கடையில் வாங்கும் கருவி. ஆயினும் குறை இரண்டுக்கும் பொதுவானது.

கடைக் கருவியில் இதே குறை வேறு உருவில் வருகிறது. ஓர் இடத்தின் அட்சரேகையை மூன்று விதமாக எழுதலாம். 34 பாகை 30 நிமிடம் 30 விநாடி என்பது ஒன்று. 34 பாகை 30.500 நிமிடம் என்பது இரண்டாவது. 34.50833 பாகை என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே இடந்தான். இப்போது வானொலியில் ஒருவர், ‘முப்பத்து நான்கு, முப்பது, ஐம்பது’ என்கிறார். அவர் சொல்ல நினைத்தது 34 பாகை 30.50 நிமிடம். கேட்டவர் 34 பாகை 30 நிமிடம் 50 விநாடி என்று எழுதிக்கொள்கிறார். வேறுபாடு 20 விநாடி. அட்சரேகையில் ஒரு நிமிடம் 1,852 மீட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே 20 விநாடி என்பது 617 மீட்டர். மூன்றாம் முறையில் சொன்னதை இரண்டாம் முறையாக எழுதினால், அதாவது 34.50833 பாகையை 34 பாகை 50.833 நிமிடம் என்று கொண்டால், பிழை 37 கிலோமீட்டரைத் தாண்டும். காயமுற்றவரை ஏற்றிச் செல்ல வரும் ஹெலிகாப்டர் வேறொரு பள்ளத்தாக்கில் வட்டமிடும்.

கருவிகளில் இந்த மூன்று முறைகளுள் எதையும் தேர்ந்துகொள்ள வசதி உண்டு. விளம்பரத்தில் அது ஒரு சிறப்பாகவும் சொல்லப்படுகிறது. ஒரே குழுவிலுள்ள ஐந்து கருவிகள் ஐந்து விதமாக அமைந்திருக்க அதுவே வழி செய்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. வரைபடத்தின் அடிப்படைக் கணக்கும் இதைப் போன்றதே. சோவியத் காலத்து ஆப்கானிஸ்தான் வரைபடங்கள் பூமியின் வடிவத்துக்கு வேறொரு கணக்கைக் கொண்டு வரையப்பட்டவை, ஜி.பி.எஸ். கொள்வது மற்றொரு கணக்கு. ஒன்றில் எடுத்த எண்ணை மற்றதில் குறித்தால் புள்ளி இடம் பெயர்ந்துவிடும். திரையின் மூலையிலோ ‘பிழை 5 மீட்டர்’ என்று எழுதியிருக்கும். அந்த 5 மீட்டர் கருவியின் கணிப்பைப் பற்றியது மட்டுமே. நீங்கள் கையில் வைத்திருக்கும் காகிதத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒலிபரப்புகின்றன. அந்த அலை தரையை அடையும்போது, ஒரு வாட் ஆற்றலை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுத்தது போன்ற வலிமையே உடையது. அதை மூடிவிட அருகிலுள்ள சிறு ஒலிபரப்பியே போதும். அப்போது கருவி ‘செயற்கைக்கோள் கிடைக்கவில்லை’ என்று நேர்மையாகச் சொல்லிவிடும். ஆனால் போலி அலையை அனுப்பி ஏமாற்றும் முறையும் உண்டு. 2023 செப்டம்பர் முதல் ஈராக் வான்வெளியில் பறந்த பயணி விமானங்கள் பல, தாம் இல்லாத இடத்தைத் தம் இருப்பிடமாகக் காட்டின. போலி அலையை உண்மை என்று எடுத்துக்கொண்ட கருவி எந்த எச்சரிக்கையும் தராது. வரைபடமும் காந்த ஊசியும் சூரியனும் துணைக்கு இல்லாதவர் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இனித் தொலைபேசிக்கு வருவோம். ‘எங்கும், எப்போதும் பேசலாம்’ என்ற முழக்கத்துடன் இரிடியம் அமைப்பு 1998 நவம்பரில் சேவையைத் தொடங்கியது. முதலில் 77 செயற்கைக்கோள்கள் போதும் என்று திட்டமிட்டு, அணு எண் 77 கொண்ட உலோகத்தின் பெயரை வைத்தார்கள். பிறகு 66 போதும் என்று தெரிந்தது. பெயரை மட்டும் மாற்றவில்லை. சுமார் 500 கோடி டாலர் செலவில் எழுந்த அந்நிறுவனம் 1999 ஆகஸ்டிலேயே நொடித்துப்போனது. கட்டடத்துக்குள்ளும் காருக்குள்ளும் பேச முடியாத கனத்த தொலைபேசியை நகரத்து வணிகர்கள் ஏன் வாங்குவார்கள்? பின்னர் மிகக் குறைந்த விலைக்குக் கைமாறி, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தத்தால் பிழைத்து, நகரத்தாருக்கு உதவாத அது பாலைவனத்தாருக்கும் கடலோடிகளுக்கும் உதவியது. துராயா என்பது அபுதாபியைச் சேர்ந்த அமைப்பு. கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்கு அரபு மொழியில் வழங்கும் பெயர் அது.

இவ்விரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்கு விற்பனையாளர் தரும் விடை விலைப்பட்டியல். சரியான விடையை நீங்களே வடிவக் கணிதத்தைக் கொண்டு காணலாம். துராயாவின் கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 44 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிலையாக நிற்கிறது. பாக்தாத்தில் நிற்பவருக்கு அது நேர் தெற்கே, தொடுவானத்திலிருந்து சுமார் 51 பாகை உயரத்தில் இருக்கும். பாலைவனத்தில் மறைப்பு ஏது? தொலைபேசி நன்றாக வேலை செய்யும். காபூலில் நிற்பவருக்கு அது தென்மேற்கே சுமார் 42 பாகை உயரத்தில் இருக்கும். மலைப் பள்ளத்தாக்கின் தென்மேற்குச் சுவரை ஒட்டி முகாம் அமைத்தால் தொலைபேசி அடியோடு ஊமையாகும். எதிர்ப்புறச் சரிவுக்கு ஏறினால் உடனே பேசும். ஒருமுறை பேசிய இடத்தில் மறுநாளும் பேசும்.

இரிடியத்தின் கதை வேறு. அதன் கோள்கள் 780 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களை ஒட்டிச் சுற்றுகின்றன. ஒரு கோள் தலைக்கு மேல் வந்து மறைய பத்து நிமிடங்கூட ஆகாது. பேச்சு அடுத்த கோளுக்குக் கைமாறியாக வேண்டும். அடுத்த கோள் மலைக்குப் பின்னால் இருந்தால் பேச்சு அறுந்துவிடும். ஆனால் சில நிமிடம் பொறுத்தால் மற்றொரு கோள் திறந்த வானத்தில் தோன்றும். ஒன்று நிலையாக இருக்கும் அல்லது நிலையாக இல்லாதிருக்கும்; மற்றது வந்து வந்து போகும். பாலைவனத்துக்கு முன்னது, ஆழ்ந்த மலைப்பகுதிக்குப் பின்னது என்பதே என் தேர்வு. கோள் எந்தத் திசையில் இருக்கிறது என்று கைக்கருவியின் திரையில் எப்போதும் ஓர் அம்புக்குறி காட்டினால் பாதி இடர் தீரும்.

நிலையான கோளுக்கும் ஆயுள் உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது. 2024 ஏப்ரலில் துராயா-3 கோள் பழுதுற்றது. ஆஸ்திரேலியாவிலும் கிழக்காசியாவிலும் அதை நம்பியிருந்தோரின் தொலைபேசிகள் ஒரே நாளில் பயனற்றுப்போயின; பின்னர் அச்சேவை மீளவே இல்லை. ஒரே ஒரு கோளை நம்பும் அமைப்பில் இந்த இடர் எப்போதும் உண்டு.

அடுத்து, தொலைபேசி உங்களைப் பற்றிப் பிறருக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். செச்சென் தலைவர் ஜோக்கர் துதாயேவ் 1996 ஏப்ரல் 21ஆம் நாள் செயற்கைக்கோள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது ரஷ்ய ஏவுகணைக்கு இரையானார். 2003இல் ஈராக் போரின்போது, தன் படைகளுடன் சென்ற செய்தியாளர்கள் துராயா தொலைபேசியைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கப் படைத்தலைமை தடை விதித்தது. அந்தக் கைக்கருவி தன் இருப்பிடத்தை ஜி.பி.எஸ். மூலம் கணித்து அமைப்புக்குத் தெரிவிப்பதே காரணம். அமைப்புக்கு அது தேவைதான். ஆனால் வாங்கியவருக்கு அது திரையில் தெரிவதில்லை. போர்ப் பகுதியில் வேலை செய்யும் மின்கோபுரத் தொழிலாளிக்கு, தான் பேசும்போது தன் இடமும் பேசப்படுகிறது என்பதை யார் சொல்வார்?

ஆபத்துப் பொத்தானில் ஒரு நல்ல மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. 2007இல் வந்த ஸ்பாட் என்ற சிறு கருவி ஒருவழிக் கருவி. பொத்தானை அழுத்தினால் விளக்கு மினுக்கும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவருக்குத் தெரியாது. காலுடைந்து கிடக்கும் மனிதருக்கு இந்த ஐயமே பாதி நோய். 2011இல் வந்த இன்ரீச் கருவி இருவழியாக அமைந்தது. ‘செய்தி கிடைத்தது, எத்தனை பேர் இருக்கிறீர்கள்?’ என்று மறுமொழி வரும். 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கோஸ்பாஸ்-சார்சாட் அபாயக் கருவிகளுக்கும் 2020 முதல், ஐரோப்பாவின் கலிலியோ கோள்கள் வழியாக, ‘கிடைத்தது’ என்ற குறியைத் திருப்பி அனுப்பும் வசதி வந்திருக்கிறது. அதை ஏற்கும் கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். 1979இல் அமெரிக்காவும் சோவியத் நாடும் கனடாவும் பிரான்சும் கூடித் தொடங்கிய அந்த அமைப்பு மனிதகுலத்தின் அரிய கூட்டுமுயற்சிகளுள் ஒன்று. எனினும் அதன் செய்தி அந்தந்த நிலப்பகுதிக்குப் பொறுப்பான மீட்பு மையத்துக்குத்தான் செல்லும். அரசே நிலைகுலைந்த நாட்டில் அந்த மையத்திலிருந்து ஹெலிகாப்டர் புறப்படுமா? செய்தி சேர்வது வேறு, உதவி சேர்வது வேறு. கடையில் இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள்.

இத்தனை குறை சொன்னபின், பயன்படுத்துவோரை நினைத்துச் செய்த கருவி ஒன்றையாவது காட்ட வேண்டும். அதற்கு 1929க்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு மருத்துவர் இல்லாத மாட்டுப் பண்ணைகளுக்காக ஆல்பிரட் டிரேகர் என்ற பொறியாளர் ஒரு வானொலி செய்தார். அங்கே பேட்டரி கிடைக்காது. ஆகவே தையல் இயந்திரம் போலக் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கினார். கைகள் இரண்டும் வேலைக்குக் கிடைத்தன. மோர்ஸ் குறிகளைப் பண்ணையில் உள்ளோரால் எளிதில் கற்க முடியவில்லை. ‘பயிற்சி போதாது’ என்று டிரேகர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டச்சுப் பொறி போன்ற பலகை ஒன்றைச் செய்தார். எழுத்தை அழுத்தினால் அதற்குரிய மோர்ஸ் குறி தானே போகும்!

அதன் வாரிசு இன்றும் பெட்டியில் இருக்கிறது. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலையை நம்பும் வானொலிக்கு மாதக் கட்டணம் இல்லை. பழுதாவதற்குக் கோளும் இல்லை. அடிலெய்டில் பிறந்த கோடான் நிறுவனத்தின் வானொலிகளை உதவி அமைப்புகளின் வண்டிகளில் காணலாம். பகலில் உயர்ந்த அதிர்வெண், இரவில் தாழ்ந்த அதிர்வெண் என்று மாற்ற வேண்டிய தொல்லையை இப்போது கருவியே பார்த்துக்கொள்கிறது. ஏரியல் பெரிது, இரைச்சல் அதிகம், கற்கச் சில நாள் பிடிக்கும். ஆனால் அலை கிடைக்காதபோது இரைச்சலே காதில் விழும். கிடைத்துவிட்டதுபோல் அது ஒருநாளும் நடிக்காது. நாகரிகத் தோற்றம் இல்லை என்பதற்காக நிறுவனங்கள் இதைக் கைவிடுவது தவறு.

கருவியைத் தேர்ந்தெடுப்பவர் யார், அதை நம்பி வண்டியில் ஏறுபவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். 2004 மார்ச் 31ஆம் நாள் ஈராக்கின் ஃபலூஜா நகரில் தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் ஊழியர் நால்வர் கொல்லப்பட்டனர். அவர்களுக்கு ஒரு வரைபடங்கூடத் தரப்படவில்லை என்பது குடும்பத்தார் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று; 2007இல் அமெரிக்க மக்களவைக் குழு ஒன்றும் அந்நிகழ்ச்சியை ஆராய்ந்தது. விலையுயர்ந்த கருவிகளைப் பற்றி நாம் இவ்வளவு பேசுகிறோம். காகிதத்தில் அச்சிட்ட வரைபடம் பட்டியலில் விட்டுப்போகிறது. காவலருக்கே இந்த நிலை என்றால், லாரி வரிசையின் கடைசி வண்டியை ஓட்டுபவரிடம் என்ன இருக்கும்? வேலைக்குச் சேரும்போது சம்பளத்தைக் கேட்பதுபோல், ‘என் வண்டியில் என்ன வானொலி இருக்கும், என் கையில் எந்த வரைபடம் இருக்கும், எந்த முறையில் இருப்பிடம் சொல்ல வேண்டும்?’ என்றும் கேட்க வேண்டும். மூன்றுக்கும் எழுத்தில் விடை தராத நிறுவனத்திடம் வேறு எதையும் எதிர்பார்க்க முடியாது.

நம்மவர் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். 2008 மும்பைத் தாக்குதலில் துராயா தொலைபேசி பயன்பட்டது வெளிவந்தபின் கண்காணிப்பு மிகுந்தது. இரிடியத்துக்கும் இது பொருந்தும். இன்ரீச் போன்ற செய்திக் கருவியுடன் வந்த வெளிநாட்டுப் பயணிகளும் நம் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். பாலைவனத்தில் உயிர் காத்த அதே கருவி, விடுப்பில் ஊர் திரும்புபவரின் பைக்குள் மறதியாக இருந்தால் வழக்குக்கு இடமாகும். கருவியின் கையேட்டில் இதைத் தேடிப் பயனில்லை. நிறுவனத்தின் கிடங்கில் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்ட பிறகே விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும்.